சனிட்டைசர் வாங்கும் முன் போத்தலைத் திருப்பிப் பாருங்கள்

கொரோனா ஓய்ந்து சில வருடங்கள் கடந்துவிட்டன. ஆனால் அந்தக் காலத்தில் எமது வீடுகளுக்குள் வந்த சனிட்டைசர் போத்தல் இன்னும் போகவில்லை. பிள்ளையின் பாடசாலைப் பையில் ஒன்று, கடையின் காசு மேசையில் ஒன்று, அலுவலக வாசலில் ஒன்று என்று இருக்கிறது. சுத்தம் பேணுவது நல்ல பழக்கம்தான். எனினும் வாங்கும்போது நம்மில் பலர் பார்ப்பது விலையையும் வாசனையையும் மட்டுமே. உள்ளே என்ன இருக்கிறது என்று போத்தலைத் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு.

இந்தக் கவனயீனம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2020 இல் அமெரிக்காவில் நடந்தது ஓர் உதாரணம். அவ்வருடம் மே, ஜூன் மாதங்களில் அரிசோனா, நியூ மெக்சிகோ ஆகிய இரு மாநிலங்களில், சனிட்டைசரைக் குடித்த 15 பேர் மெதனோல் நஞ்சினால் வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டனர். 4 பேர் உயிரிழந்தனர். 3 பேர் பார்வைக் குறைபாட்டுடன் வீடு திரும்பினர். மெதனோலும் அல்கஹோல் வகையைச் சேர்ந்ததுதான். ஆனால் உடலுக்குள் சென்றதும் அது ஃபோமிக் அமிலமாக மாறி கண் நரம்பைத் தாக்குகிறது. சாதாரண அல்கஹோலையும் மெதனோலையும் நிறத்தாலோ மணத்தாலோ நம்மால் பிரித்தறிய முடியாது.

எனவே லேபலில் பார்க்க வேண்டியவை இவைதான்.

முதலாவது, அல்கஹோலின் வகை. எதனோல் அல்லது ஐசோபுரொப்பனோல் என்று தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். மெதனோல் என்று இருந்தால் தொடவே வேண்டாம்.

இரண்டாவது, அளவு. குறைந்தது 60 வீதம் அல்கஹோல் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் தயாரிப்பு முறையில் எதனோல் 80 வீதம் அல்லது ஐசோபுரொப்பனோல் 75 வீதம் சேர்க்கப்படுகிறது. அதற்காக 100 வீதம்தான் சிறந்தது என்று எண்ணக் கூடாது. கிருமியின் புரதத்தைச் சிதைக்க அல்கஹோலுடன் சிறிதளவு நீரும் தேவை.

மூன்றாவது, தயாரித்தவர் யார், காலாவதித் திகதி எது, தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் பதிவு இலக்கம் உள்ளதா என்பவை. லேபல் இல்லாமல் கேனிலிருந்து ஊற்றி விற்கப்படுவதை, எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

அல்கஹோல் என்ற சொல்லைக் கண்டு தயங்கி, அது இல்லாத வகையைத் தேடுவோரும் நம்மிடையே உள்ளனர். 2002 இல் மக்காவில் கூடிய உலக முஸ்லிம் லீக்கின் ஃபிக்ஹ் சபை, கிருமி நீக்கியாக அல்கஹோலை உடலின் வெளிப்புறத்தில் பயன்படுத்துவதை அனுமதித்துள்ளது. மேலதிகச் சந்தேகம் உள்ளவர்கள் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். அல்கஹோல் இல்லாதவற்றில் பெரும்பாலும் பென்சல்கோனியம் குளோரைட் இருக்கும். அது எல்லா வகைக் கிருமிகளிலும் அல்கஹோலுக்கு இணையாகச் செயற்படுவதில்லை. தயக்கம் நீங்காதவர்களுக்குச் சவர்க்காரம் இருக்கவே இருக்கிறது.

உண்மையில் சிறுபிள்ளைகளுக்கு முதல் தெரிவு சவர்க்காரமும் தண்ணீரும்தான். மண்ணில் விளையாடிய கையிலும் எண்ணெய் பட்ட கையிலும் சனிட்டைசர் சரியாக வேலை செய்யாது. வயிற்றோட்டத்தை உண்டாக்கும் நோரோ வைரஸையும் அது போதியளவு அழிப்பதில்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் மட்டும் சனிட்டைசரைக் கொடுங்கள். 6 வயதுக்குக் குறைந்த பிள்ளையாயின் பெரியவர் ஒருவர் கையில் ஊற்றி, காயும் வரை, அதாவது சுமார் 20 செக்கன்கள் தேய்க்க வைக்க வேண்டும். பழ வாசனையும் மினுக்கமும் உள்ள போத்தல்கள் பிள்ளைக்கு இனிப்புப் பண்டமாகவே தோன்றும். அவற்றைத் தவிர்ப்பது நல்லது. குடிக்கும் தண்ணீர்ப் போத்தலில் சனிட்டைசரை ஊற்றி வைப்பது அதைவிட ஆபத்தானது. சிறிதளவு கூடுதலாக விழுங்கினாலும் சின்னப் பிள்ளைகளுக்கு இரத்தத்தில் சீனி திடீரெனக் குறையலாம்.

வேலைத்தளங்களை நடத்துவோருக்கும் பொறுப்பு உண்டு. காலால் மிதித்து அல்லது தானாகப் பீய்ச்சும் கருவிகள் பல பெரியவரின் இடுப்பளவு உயரத்தில் உள்ளன. அது சிறுபிள்ளையின் கண் மட்டம். 2020 இல் பிரான்ஸில் சனிட்டைசர் கண்ணில் பட்ட சிறுவர்களின் எண்ணிக்கை முந்திய வருடத்தை விட ஏறக்குறைய 7 மடங்காகக் கூடியது. இந்தக் கருவிகளும் அதற்கு ஒரு காரணம். ஹோட்டல், பேக்கரி போன்ற இடங்களில் அடுப்புக்கு அருகில் அதை வைக்கவே கூடாது. இது தீப்பற்றும் திரவம். கை நன்றாகக் காயாமல் அடுப்பையோ லைட்டரையோ தொடக் கூடாது. கராஜ் ஊழியர்களின் கிறீஸ் படிந்த கைகளுக்குத் தேவை சவர்க்காரம்தான்.

கண்ணில் பட்டால் உடனே சுத்தமான தண்ணீரால் 15 நிமிடங்களாவது கழுவி, வைத்தியரிடம் காட்டுங்கள். பிள்ளை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மயக்கம், தள்ளாட்டம், பார்வை மங்கல் இருந்தால் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழையுங்கள். வைத்தியசாலைக்குப் போகும்போது அந்தப் போத்தலையும் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். குடித்தது எது என்று தெரிந்தால் வைத்தியரின் வேலை பாதி குறையும்.

இன்றே உங்கள் வீட்டிலும் கடையிலும் உள்ள போத்தல்களை எடுத்து ஒரு முறை வாசித்துப் பாருங்கள். லேபல் இல்லாதது, திகதி கடந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதது இருந்தால் பாவனையிலிருந்து அகற்றிவிடுங்கள். மிஞ்சுவதைப் பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.