பட்டறைக் கதவு திறந்திருக்கிறது. பாடம் எந்த மொழியில்?

ஹைபிரிட் காரைப் பழுது பார்க்க இறங்கும் மெக்கானிக், உயர் மின்னழுத்தப் பகுதியில் கை வைக்குமுன் பேட்டரியோடு இருக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்ற வேண்டும். கழற்றியவுடன் வேலையைத் தொடங்கிவிட முடியாது. பத்து நிமிடமாவது பொறுக்க வேண்டும். உள்ளே தேங்கிய மின்சாரம் இறங்க அவ்வளவு நேரம் பிடிக்கும். செம்மஞ்சள் நிற வயர்களை அதற்கென்றே உள்ள றப்பர் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. கம்பனி கைநூலில் இதெல்லாம் தெளிவாக இருக்கிறது, ஆங்கிலத்தில். கண்டி வீதிகளில் அக்வாவும் பிரியஸும் வெசலும் நிறைந்துவிட்ட இந்தக் காலத்தில், அந்தப் பக்கத்தை வாசிக்க முடியாத பையனுக்கு அது உயிர் போகிற விஷயம்.

ஒரு தலைமுறைக்கு முன்னால் கராஜ் வேலை வேறு மாதிரி இருந்தது. கலஹாவிலிருந்தோ தெல்தோட்டையிலிருந்தோ வந்த தமிழ்ப் பையன் சிங்கள பாஸ் ஒருவரிடம் கையாளாகச் சேருவான். ஸ்பானர் எடுத்துக் கொடுப்பான், எண்ணெய் துடைப்பான், இஞ்சின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகுவான். கண்ணும் காதும் கையுமே அவனுக்குப் பள்ளிக்கூடம். இரண்டு வருடத்தில் சிங்களமும் தானாக நாக்கில் ஏறிவிடும். எழுத்து தெரியாதது அவனை நிறுத்தவில்லை. இன்று அதே வேலை ஸ்கேனரில் தொடங்குகிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 முனைச் சொக்கட்டில் கருவியைச் செருகி, திரையில் விழும் குறியீட்டைப் படித்து, அது எந்தக் கோளாறைக் காட்டுகிறது என்று தேட வேண்டும். சத்தம் கேட்டுப் பழகியவன் இங்கே வெறுமனே நிற்கிறான்.

மாற்றம் கராஜோடு நிற்கவில்லை. 2016இல் அரசு சூரிய சக்தித் திட்டத்தைத் தொடங்கிய பிறகு கூரைகளில் பேனல்கள் பெருகின. வயரிங் வேலை செய்தவர் இன்வேர்ட்டரின் அமைப்புகளையும் படிக்க வேண்டியதாயிற்று. ஹோட்டல் வரவேற்பு மேசையில் பதிவுப் புத்தகம் போய்க் கணினி வந்தது. தொழிற்கல்வியில் திறன்கள் மாறுகின்றன என்று ஆய்வாளர்கள் சொல்லும்போது ரோபோவும் செயற்கை நுண்ணறிவும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. கண்டியைச் சுற்றி நடப்பது அதைவிட எளிமையானது, அதைவிடக் கடினமானதும்கூட: பார்த்துப் பழகும் தொழில்கள் வாசித்துப் பழகும் தொழில்களாக மாறிக்கொண்டிருக்கின்றன. அப்படி மாறும்போது மொழி, தொழிலின் வாசலிலேயே வந்து நிற்கிறது.

இந்த மாவட்டத்தில் அது சின்னக் கணக்கு அல்ல. 2012 குடிசன மதிப்பீட்டின்படி கண்டி மாவட்டத்தில் சுமார் 13 இலட்சத்து 75 ஆயிரம் பேர். நூறு பேரில் ஏறக்குறைய 74 பேர் சிங்களவர், 14 பேர் சோனகர், 11 பேர் மலையகத் தமிழரும் இலங்கைத் தமிழருமாகத் தமிழர். அக்குறணை, கம்பளை, மடவளை முஸ்லிம்களின் வீட்டு மொழியும் பெரும்பாலும் தமிழே. ஆக, மாவட்டத்தில் நால்வரில் ஒருவர் தமிழ் பேசுகிறவர். 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிவிட்டது. ஆனால் தொழிற்பயிற்சி நிலையங்களில் பெரும்பாலான பாடநெறிகள் சிங்களத்தில்தான் நடக்கின்றன. தமிழில் கற்பிக்கக்கூடிய போதனாசிரியர் கிடைப்பது அரிது.

அமைப்பு எப்படி இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1990இன் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு தரங்களை வகுக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபை, தொழில் பயிலுநர்களுக்குப் பயிற்சி தரும் நைட்டா, தொழில்நுட்பக் கல்வித் திணைக்களம் ஆகியவை பயிற்சி கொடுக்கின்றன. மாகாணத்துக்கு ஒன்றாக அமைந்த தொழில்நுட்பவியல் கல்லூரிகளில் ஒன்று கண்டியில் இருக்கிறது. என்.வி.கியூ. என்று எல்லோரும் சொல்லும் தேசிய தொழிற் தகைமைக்கு 7 மட்டங்கள்: 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். சாதாரண தரத்தில் தவறிய பிள்ளைகூட அடியிலிருந்து ஏறி உச்சிக்குப் போகலாம் என்பதே இதன் அழகு. ஆனால் 5ஆம் மட்டத்திலிருந்து படிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில். கீழே சிங்களம், மேலே ஆங்கிலம். தோட்டப் பாடசாலையில் தமிழில் படித்த பிள்ளை இரண்டு மொழி மாறினால்தான் உச்சியைத் தொட முடியும்.

மதிப்பீடு நடக்கும் விதத்தைப் பார்த்தால் சிக்கல் இன்னும் புரியும். என்.வி.கியூ. சான்றிதழ் மட்டங்களில் மூன்று மணி நேரப் பரீட்சை எழுதி மதிப்பெண் வாங்குவது முக்கியமான முறை அல்ல. மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்து காட்ட வேண்டும். இந்த வெல்டிங்குக்கு ஏன் இந்தக் கம்பி, ஏன் இவ்வளவு அம்பியர் என்று அவர் கேட்பார். முடிவும் இரண்டே: தேர்ச்சி பெற்றார், அல்லது இன்னும் பெறவில்லை. செய்முறையை மதிக்கும் நல்ல முறை இது. ஏட்டுக் கல்வியில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு இது நியாயம் செய்கிறது. ஆனால் கேள்வி புரியாமல் நிற்கும் பிள்ளையை, வேலை தெரியாமல் நிற்பதாக மதிப்பீட்டாளர் எடுத்துக்கொண்டால் அந்த நியாயம் அங்கேயே போய்விடுகிறது. நடுவில் விட்டுப் போகிறவர் கணக்கில் வெறும் இடைவிலகலாகிறார். என்ன காரணத்தால் போனார் என்பது அந்த எண்ணிக்கையில் தெரியாது.

இலங்கையின் திறன்கள் பற்றி உலக வங்கி 2014இல் ஒரு விரிவான ஆய்வை வெளியிட்டது. தொழில் நுணுக்கத்தோடு வாசிப்பு, ஆங்கிலம், கணினி, பிறரோடு சேர்ந்து வேலை செய்யும் பக்குவம் ஆகியவற்றையும் அது அளந்து பார்த்தது. முதலாளிமார் ஆங்கிலமும் கணினியும் தெரிந்தவரைத் தேடுகிறார்கள், அப்படிப்பட்டவர் போதிய அளவு கிடைப்பதில்லை என்பது அதன் முக்கியமான செய்தி. அந்தச் செய்தியைத் தோட்டப்புறத்திலிருந்து படித்தால் இன்னொரு பொருள் வருகிறது. தேவைப்படும் திறன்களில் பாதி மொழியோடு பின்னிக் கிடக்கிறது. மொழியை விட்டுவிட்டுத் திறனை மட்டும் கொடுக்க முடியாது.

பெண் பிள்ளைகளுக்குத் தடை வேறு ரூபத்தில் வருகிறது. இலங்கையில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் மூன்றில் ஒருவரே தொழிற்படையில் இருக்கிறார். பயிற்சிக்கு வரும் பெண்கள் தையல், அழகுக்கலை, பாலர் பாடசாலை ஆசிரியை, கணினி என்று சில துறைகளிலேயே குவிகிறார்கள். விருப்பம் இல்லாததால் இப்படி என்று சொல்லிவிடுவது சுலபம். பன்விலையின் மேல்பகுதித் தோட்டமொன்றிலிருந்து கண்டிக்கு வந்து போகும் பெண்ணுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, வெல்டிங் பட்டறையில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டா, நம்பி அனுப்பக்கூடிய விடுதி உண்டா என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த விருப்பத்தைத் தீர்மானிக்கின்றன. கனடாவின் உலகப் பல்கலைக்கழக சேவை 2014இல் தொடங்கிய அசெட் திட்டம், பெண்களைக் கட்டடம், வாகனம் போன்ற துறைகளுக்குக் கொண்டுவர முயன்றது. பிள்ளையிடம் பேசினால் மட்டும் போதாது, பெற்றோரிடமும் முதலாளியிடமும் பேச வேண்டும் என்பது இத்தகைய வேலையில் இறங்கிய எவரும் அறிந்தது.

மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் சட்டத்துக்குக் குறைவில்லை. அரச வேலைகளில் 3 வீதம் ஒதுக்கும் சுற்றறிக்கை 1988இலேயே வந்தது, உரிமைச் சட்டம் 1996இல். ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்றது. ஆனால் மலைச் சரிவில் படிக்கட்டாக ஏறும் இந்த ஊரில், சாய்தளம் இல்லாத மாடியில் வகுப்பை வைத்துவிட்டால் சட்டம் கீழேயே நின்றுவிடும்.

இதுவரை சொன்னது பயிற்சிக்கு உள்ளே வர முடியாதவர்களின் கதை. திறமை கைநிறைய இருந்தும் அதற்குப் பெயர் கிடைக்காதவர்களும் கண்டியில் இருக்கிறார்கள். தும்பறைப் பக்கம் ஹேனாவல கிராமத்தில் தும்பறைப் பாய் நெய்கிறார்கள். மருள் இலையை மரக்கட்டையின் மேல் வைத்து வழித்து வழித்துச் சதையை நீக்கினால் வெள்ளை நார் வரும். பதங்கக் கட்டையிலிருந்து சிவப்பு, மரமஞ்சளிலிருந்து மஞ்சள், கடுக்காயிலிருந்து கறுப்பு. தரையோடு தரையாக உட்கார்ந்து, வரைபடம் எதுவும் இல்லாமல், யானையும் மானும் பூவும் கோலத்தில் வரும்படி இழை எண்ணிக் கோக்கிறார்கள். 1908இல் ஆனந்த குமாரசுவாமி கண்டிக் கலைகள் பற்றிய தம் பெரிய நூலில் இந்த நெசவாளரைப் பற்றி எழுதினார். 2021இல் யுனெஸ்கோ இந்தக் கைவினையை மனிதகுல மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது.

நெய்கிறவர்கள் கின்னர சமூகத்தார். கண்டி அரசர் காலத்துச் சாதி அடுக்கில் கீழ்ப்படியில் வைக்கப்பட்டவர்கள். பாய் நெய்து கொடுப்பது அவர்கள்மீது விதிக்கப்பட்ட ராஜகாரியம். தொழிலோடு சாதிப் பெயரும் ஒட்டிக்கொண்டதால், படித்த பிள்ளைகள் தறியை விட்டு எழுந்து போவதை யாரும் குறை சொல்ல முடியாது. நெய்யும் குடும்பங்கள் சுருங்கிவிட்டன. என்.வி.கியூ.வில் முன்கற்றலை அங்கீகரித்தல் என்றொரு வழி உண்டு: எந்த வகுப்புக்கும் போகாமல், அனுபவத்தால் கற்றவர் வேலையைச் செய்து காட்டித் தகைமை பெறலாம். மேசனும் சமையற்காரரும் இப்படிச் சான்றிதழ் வாங்குகிறார்கள். பாய் நெசவாளரைப் போன்ற கைவினைஞருக்கு இந்த வழி தாராளமாகத் திறக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அரசு முத்திரையுள்ள தகைமை, குலத்தொழில் என்று சுருக்கப்பட்டதைக் கற்பிக்கத்தக்க கலையாக நிறுத்தும். வேறு சமூகத்துப் பிள்ளைகளும் கற்க வரலாம்.

நம்பிக்கை தரும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2017இல் 42 பாடசாலைகளில் தொடங்கிய 13 ஆண்டு உத்தரவாதக் கல்வித் திட்டம், சாதாரண தரத்தில் தவறினாலும் உயர்தர வகுப்பில் தொழிற்பாடம் படிக்க வழி செய்தது. 2016இல் கிளிநொச்சியில் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் தமிழ், சிங்கள மாணவர்கள் ஒன்றாக ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். அங்கே யாருடைய தாய்மொழியும் மற்றவருக்குச் சுவராகவில்லை. ஆனால் ஆங்கிலம் எட்டாத தோட்டப் பிள்ளைக்கு அது ஒன்றே வழியாகிவிடாது. கண்டிக்கு வேண்டியவை இன்னும் சிறியவை: முதல் மூன்று மாதம் தொழிலோடு சேர்த்துச் சொல்லித்தரும் மொழி வகுப்பு, மூன்று மொழியிலும் தொழிற்சொல் கையேடு, தமிழில் கேள்வி கேட்கத் தெரிந்த மதிப்பீட்டாளர். என்.வி.கியூ. முடித்த தமிழ்ப் பிள்ளைகளையே போதனாசிரியர் பயிற்சிக்கு எடுத்தால் பத்து வருடத்தில் நிலைமை மாறும்.

அதுவரை, இந்த வருடம் பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் விண்ணப்பம் நிரப்புமுன் சிலவற்றைக் கேட்டே ஆக வேண்டும். நிலையம் ஆணைக்குழுவில் பதிவானதா, பாடநெறிக்கு அங்கீகாரம் உண்டா, முடிவில் எத்தனையாம் மட்டச் சான்றிதழ்? பாடம் எந்த மொழியில், மதிப்பீடு எந்த மொழியில்? வேலைத்தளப் பயிற்சிக்கு எங்கே அனுப்புவார்கள், அங்கிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு? சிங்களம் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். தமிழில் மதிப்பீடு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டவர் எத்தனை பேர் என்பது காகிதத்தில் இருந்தால்தான் தமிழ்ப் போதனாசிரியர் பதவிகள் தேவை என்று நிலையத்தாரும் மேலே எழுத முடியும்.