குல்மார்க்கில் பனி பெய்யுமா?

வெண்பனியைக் கண்டிராதவன் நான். எனினும் காஷ்மீரத்துப் பனிச்சறுக்குத் தலமான குல்மார்க்கின் வானிலை அறிவிப்பு என்னைக் கவர்ந்தது. ஒரே நாளுக்கு மழையும் பனியும் சொல்லியிருந்தார்கள்! இயற்பியல் பாடமே விடை தந்தது. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். ஊர் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரம். கம்பிவட ஊர்தி எட்டும் அபர்வட் மலையோ 3,900 மீட்டருக்கு மேல். கீழே 3 டிகிரியில் மழையாவது, மேலே மைனஸ் 5-இல் பனியாகும்.

மத்தியதரைக் கடற்புறமிருந்து வரும் காற்றழுத்தத் தாழ்வுகளே பனி கொணர்பவை. 2024 ஜனவரியில் அவை பொய்த்தன. பிப்ரவரியில் பனி கொட்டியது. 22-ஆம் நாள் பனிச்சரிவில் வெளிநாட்டுச் சறுக்கு வீரர் ஒருவர் மாண்டார். புதுப்பனி பழைய அடுக்கோடு பிணையாவிடில் சரியும். ஆகவே, நண்பர்களே, எவ்வளவு பனி என்று மட்டும் கேளாதீர்கள். எந்த உயரத்தில், எதன்மேல் என்றும் கேளுங்கள்.

வானொலியில் மழைச் செய்தி கேட்ட பின்னும் வானத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார், கல்லூரி காணாத என் தந்தை. அதன் பொருள் இப்போது புரிகிறது.