பணத்தைக் காட்டுமுன் கண்ணைக் காட்டுங்கள்

பசறைப் பக்கத் தோட்டத்துப் பையன் ஒருவன் பதுளை பஸ் நிலையத்தில் என்னிடம் ஒரு பற்றுச்சீட்டை நீட்டினான். ‘ஏவியேஷன் டிப்ளோமா, முற்பணம், மீளளிக்கப்படமாட்டாது.’ கொழுந்து பறித்து ஓய்ந்த அம்மாவின் ஈ.பி.எஃப். காசு. “பைலட் கோர்ஸ் சேர்” என்றான். பாடத்திட்டத்தைப் புரட்டினேன்: டிக்கெட் போடுவது, பயணப் பொதி ஏற்பது. பறப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இப்படி நான் பார்ப்பது இது முதல் சீட்டல்ல.

வணிக விமானி உரிமத்துக்கு வயது 18 ஆகியிருக்க வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஒருங்கிணைந்த பயிற்சியானால் 150. இவற்றுக்கெல்லாம் முன்னால் முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ். சிவில் விமான சேவைகள் அதிகாரசபை நியமித்த மருத்துவரிடம்தான் அதைப் பெறலாம். தோட்ட டிஸ்பென்சரித் துண்டு செல்லாது. மூக்குக்கண்ணாடி தடையல்ல. நிறம் பிரித்தறியாத கண்தான் சிக்கல். வண்ணப் புள்ளிகளுக்குள் இருக்கும் எண் தெரியவில்லை என்பதை, இலட்சங்களைக் கொட்டியபின் அறிந்து என்ன பயன்? முதலில் மருத்துவம், பிறகு கட்டணம்.

அடுத்து, நிறுவனம். “எங்களுக்கு அங்கீகாரம் இருக்கு” என்ற வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கட்டுநாயக்கவிலுள்ள அதிகாரசபையின் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். நிறுவனத்தின் முழுப்பெயர், முகவரி, எந்தப் பயிற்சிக்கு அங்கீகாரம், எந்தத் திகதிவரை என்று நாலு வரி போதும். பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானித்தாக வேண்டும். “கொழும்பில் போய்க் கேளுங்க” என்று கைகாட்டும் அலுவலர்களுக்காக ஒரு நாள் சம்பளத்தை இழக்காதீர்கள்.

பிறகு, ஆவணங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர்: தோட்டத்தில் இது வாடிக்கை. பிரதேச செயலகத்தின் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் இப்போதே திருத்துங்கள்.

உரிமம் வந்ததுமே வேலை என்பதும் கதைதான். பெரிய விமானத்துக்குக் கருவிப் பறப்புத் தகுதி, அந்த வகை விமானத்துக்கான தனித் தகுதி என்று செலவு ஏறிக்கொண்டே போகும். பயிற்றுநராகி மணி நேரம் சேர்ப்பவர்களும் உண்டு. காசில்லாதவர்கள் விமானப்படையின் கெடேற் விளம்பரங்களைப் பாருங்கள். அதன் தியத்தலாவை முகாம் நம் பதுளை மாவட்டத்திலேயே இருக்கிறது.

ஏற்கெனவே கட்டி ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லுங்கள். பற்றுச்சீட்டு, விளம்பரத் தாள், வாட்ஸ்அப் செய்தி மூன்றும் வேண்டும். திரும்பவும் சொல்கிறேன், மூன்றும். அந்தப் பையன் விளம்பரத் தாளை அடுப்புப் பற்றவைக்கக் கொடுத்திருந்தான்.