எட்டு மில்லிமீட்டர் சரிவு

பூல் மேசையில் குனிந்து நிற்பவர் முன்னால் நீட்டிய கையைக் கவனியுங்கள். வலக்கைக்காரராக இருந்தால் இடக்கை மேசைமேல் ஊன்றியிருக்கும். ஆள்காட்டி விரலை வளைத்துக் கட்டைவிரலோடு சேர்த்து ஒரு வளையம் கட்டியிருப்பார். பந்தை அடிக்கும் முன் அந்த வளையத்துக்குள் கோல் நாலைந்து முறை முன்னும் பின்னும் ஓடிப் பார்க்கும். ஒவ்வொரு ஓட்டமும் ஓரடிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அந்த ஓரடிக்குள் கோல் பருத்துக்கொண்டே வந்தால் பின்னிழுக்கும்போது விரல் தளரும், முன்தள்ளும்போது இறுகும். அடி கோணலாகிவிடும்.

அதனால்தான் நல்ல பூல் கோல் ஒன்று முனையிலிருந்து ஓரடி தூரத்துக்கு ஏறக்குறைய ஒரே பருமனில் வந்து, அதற்குப் பிறகே பருக்கத் தொடங்குகிறது. அமெரிக்கப் பட்டறைகளில் இதை 'ப்ரோ டேப்பர்' என்கிறார்கள். ஊட்டி கிளப்பில் விதிகள் வடிவம் பெற்ற ஸ்நூக்கருக்குக் கோலே வேறு. அது பெரும்பாலும் ஆஷ் மரம்; முனை 9 முதல் 10 மில்லிமீட்டர். விரல் வளையம் கட்டாமல் கட்டைவிரல் பள்ளத்தில் வைத்து ஓட்டுவதால், முனையிலிருந்தே சீராகப் பருத்து வரலாம். இங்கிலாந்தில் அதை இழைப்புளி பிடித்துக் கையாலேயே இறக்கும் மரபு இன்றும் இருக்கிறது. பூல் கோலைப் பெரும்பாலும் லேத்தில்தான் கடைகிறார்கள். அதிலும் இரும்பு கடைவதற்காகச் செய்த பழைய லேத்துகளை வாங்கி, மரத்துக்குப் பழக்கிக்கொள்கிறவர்கள் அமெரிக்காவில் ஏராளம்.

பூல் கோல் இரண்டு துண்டாக இருக்கும், ஒவ்வொன்றும் சுமார் 29 அங்குலம். கைப்பிடித் துண்டை விட்டுவிடுவோம். கடினமான வேலை முன்துண்டில்தான். ஹார்ட் மேப்பிள் மரம். முனையில் 13 மில்லிமீட்டர், மரையிட்டு இணைக்கும் இடத்தில் 21 மில்லிமீட்டர். ஏறத்தாழ 737 மில்லிமீட்டர் நீளத்துக்குள் எட்டே மில்லிமீட்டர் வித்தியாசம். இந்த எட்டை எப்படிப் பங்கிட்டுக் கொடுப்பது என்பதுதான் வேலை முழுவதும்.

ஏன் இவ்வளவு கவனம் என்றால், ஓர் உருளையின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 13 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 12.75 ஆகிவிட்டால் விறைப்பு ஏழு சதவீதத்துக்கும் மேல் குறைகிறது. 12 ஆனால் கால் பங்குக்கும் மேல் போய்விடும். நகக்கண்ணில் ஒட்டும் அளவு மரம், அடிக்கும் கைக்கு வேறு கோலாகத் தெரிகிறது.

லேத் என்பது நேராகக் கடைவதற்கென்றே பிறந்த இயந்திரம். அதன் படுக்கை, அதன்மேல் ஓடும் கேரேஜ், கட்டையை இரு பக்கமும் தாங்கும் சென்டர்கள் எல்லாம் ஒரே கோட்டுக்கு இணையாக இருப்பதில்தான் அதன் பெருமை. அதைச் சரிவாகக் கடைய வைக்க ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவர்களுக்கு வழிகள் தெரியும். வெட்டும் டூலைத் தாங்கும் காம்பவுண்ட் ஸ்லைடைக் கோணம் திருப்பலாம். ஆனால் சின்ன லேத்தில் அது நகரும் தூரமே சில அங்குலம். அடுத்தது, கட்டையின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கைத் தள்ளி வைப்பது. எட்டு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குப் பாதி, நான்கு மில்லிமீட்டர், இயக்குபவர் பக்கமாக டெயில்ஸ்டாக்கை நகர்த்தினால் அந்த முனை மெலிந்து வரும். கட்டை 737க்குப் பதில் 760 நீளம் என்றால் 4.12 மில்லிமீட்டர் நகர்த்த வேண்டும். அதாவது கட்டைகள் எல்லாம் ஒரே நீளத்தில் இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் கணக்கு மாறும். சென்டரும் கட்டையின் துளையில் சாய்ந்து உட்காரும். இதையெல்லாம் சமாளித்தாலும் கிடைப்பது ஒரே சீரான சரிவுதான். முதல் ஓரடி பருக்காமல் வர வேண்டும் என்ற நம் தேவை இதில் நிறைவேறாது.

ஆகவே கோல் செய்பவர்கள் லேத்தின் பின்னால் ஒரு சட்டம் பொருத்துகிறார்கள். இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. படுக்கைக்குப் பின்புறம், அதன் நீளத்துக்கு, உலோகப் பட்டை ஒன்று. கோலின் பக்கவாட்டு வளைவு எப்படி வர வேண்டுமோ, அப்படியே அந்தப் பட்டையின் விளிம்பும் இருக்கும். விட்டத்தில் ஒரு மில்லிமீட்டருக்குப் பட்டையில் அரை மில்லிமீட்டர். பிறகு, டூலைக் கட்டையை நோக்கி முன்பின் நகர்த்தும் கிராஸ் ஸ்லைடை அதன் திருகிலிருந்து கழற்றிவிடுகிறார்கள். இனி கைச்சக்கரத்தைச் சுற்றினாலும் அது நகராது. ஸ்லைடின் பின்முனையில் ஒரு பேரிங். ஸ்பிரிங்கோ, கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட எடையோ அந்தப் பேரிங்கைப் பட்டையோடு அழுத்தியே வைத்திருக்கும். கேரேஜ் நெடுக ஓடும்போது பேரிங் பட்டையின் விளிம்பைத் தடவிக்கொண்டே போகும். வெட்டும் முனையும் அதே தடத்தில் உள்ளே வரும், வெளியே போகும். வெட்டின் ஆழத்தை மாற்றக் கைச்சக்கரம் உதவாது என்பதால், காம்பவுண்ட் ஸ்லைடைக் கிராஸ் ஸ்லைடின் திசைக்கே திருப்பிவிட்டு அதனால் ஆழம் கொடுப்பார்கள். டெயில்ஸ்டாக் தன் நேர்கோட்டிலேயே இருக்கும். கட்டையின் நீளம் சற்று முன்பின் ஆனாலும் சரிவு மாறாது. சிலர் பட்டையை இரும்பில் வெட்டிக்கொள்கிறார்கள். சிலர் வளையக்கூடிய பட்டைக்கு இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஒரு திருகு வைத்து, தள்ளியும் இழுத்தும் வளைவைத் தாங்களே வரைகிறார்கள். பட்டையில் ஒரு பிசிறு இருந்தால் அதே பிசிறு மரத்திலும் வரும் என்பதால் அதைப் பட்டுப்போலத் தேய்த்து வைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் லேத் நேராக நிற்க வேண்டும். தரையில் ஒரு கால் சற்றுத் தாழ்ந்தாலே நீளமான படுக்கை முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு, நாம் கேட்காத ஒரு சரிவைக் கோலில் சேர்த்துவிடும். மட்டம் பார்த்து, காலுக்கடியில் மெல்லிய தகடு செருகி, சென்டர்களுக்கிடையே ஒரு நேர்க் கம்பியை வைத்து, அசைவை அளக்கும் டயல் கேஜை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டி, முள் அசையாமல் நிற்கும்வரை விடக்கூடாது. அவசரக்காரர்கள் தாண்டிப் போகிற படி இதுதான். பின்னால் எந்தக் கோலும் அளவுக்கு வராமல் தவிப்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

அடுத்தது வெட்டும் முனை. இரும்புக்கு வைக்கும் டூலையே வைத்தால் என்ன? கோலின் நீளம் அதன் முனை விட்டத்தைப்போல ஐம்பது மடங்குக்கும் மேல். நிற்கும் டூல் தள்ளியதுமே நடுப்பகுதி வில்லாக வளைந்து விலகும். வெட்டு குறையும், நடுவில் பருத்துவிடும், அதிர்வில் மேலெல்லாம் வரிவரியாகத் தழும்பு விழும். அதனால் டூல் போஸ்ட் இருந்த இடத்தில் மரவேலை ரவுட்டர் ஒன்றைப் பொருத்துகிறார்கள். அதன் கத்தி நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கும் மேல் சுழலும். கட்டையோ சில நூறு சுற்றில் நிதானமாகத் திரும்பும். ஒவ்வொரு கீறலும் மிக மெல்லியது என்பதால் மரத்தின்மேல் தள்ளுவிசை அதிகம் ஏறுவதில்லை. மாவு மாதிரி தூசி கிளம்பும். அந்தத் தூசி லேத்தின் படுக்கை எண்ணெயை உறிஞ்சும், ஈரத்தைப் பிடித்துவைக்கும், துருவுக்கு வழி செய்யும். கத்திக்குப் பக்கத்திலேயே உறிஞ்சுகுழாய் வைக்காமல் தொடங்கக்கூடாது. நுரையீரலுக்கும் அதுவே பாதுகாப்பு.

பழைய லேத் வாங்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது. பலர் தேடும் சௌத் பெண்ட் நிறுவனத்தின் 9 அங்குல லேத்தில், கட்டையைச் சுழற்றும் ஹெட்ஸ்டாக்கின் துளை முக்கால் அங்குலம், அதாவது 19 மில்லிமீட்டர்தான். சென்டர்களுக்கிடையே சரிவு கடைய அது போதும். ஆனால் முனைக்குப் பூண் மாட்டவும் இணைப்புக்கு மரை போடவும் கோலை ஹெட்ஸ்டாக் வழியே நுழைத்துப் பிடிக்க வேண்டும். 21 மில்லிமீட்டர் கோல் அதில் நுழையாது.

இயந்திரம் தயாரானதும் ஒரே நாளில் கோலைக் கடைந்துவிட முடியுமா? முடியாது. மரத்தின் உள்ளே இழுவிசைகள் ஒன்றையொன்று பிடித்து நிற்கின்றன. மேல்தோலைச் சீவியதும் அந்தப் பிடி குலையும். கட்டை தன் போக்கில் வளையும். ஆகவே ஓர் அங்குலப் பருமனுள்ள கட்டையைச் சிறிது கடைந்து செங்குத்தாகத் தொங்கவிடுகிறார்கள். வாரங்கள் கழித்து எடுத்து, வளைந்திருக்கும் அந்த வளைவையே அடுத்த மெல்லிய வெட்டில் சீவி எடுக்கிறார்கள். மறுபடி தொங்கல். இப்படிப் பல சுற்று. மாதக்கணக்கில் போகும், ஓராண்டைத் தாண்டுவதும் உண்டு. நடுவில் அடங்காமல் வளைந்துகொண்டே இருக்கும் கட்டையைத் தயங்காமல் விலக்கிவிடுவார்கள்.

இந்த உழைப்பின் மதிப்புக்கு ஓர் உதாரணம் சொல்லலாம். புரூக்ளினில் கோல் செய்த ஜார்ஜ் பாலபுஷ்கா, 1912இல் ரஷ்யாவில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா வந்தவர். தம் கோல்கள் பலவற்றுக்குப் பிரன்ஸ்விக் நிறுவனம் மரத்தை ஒட்டிச் செய்த ஆயத்தக் கைப்பிடிக் கட்டைகளையே எடுத்துக்கொண்டார். கட்டை அடுத்தவருடையதாக இருந்தும், ஆட்டக்காரர்கள் தேடியது அவருடைய கோலைத்தான். மரத்தை ஒட்டுவதற்கும் கோலாக்குவதற்கும் இடையில் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கடைசி வெட்டில் எடுப்பது கால் மில்லிமீட்டர் அளவே. கேரேஜை மிக மெதுவாக ஓடவிட்டு, இடையில் நிறுத்தாமல் ஒரே போக்கில் முடிப்பார்கள். நிறுத்திய இடத்தில் வளையத் தழும்பு விழும். லேத்திலிருந்து இறக்கியதும் கோலைச் சமதளமான மேசையில் படுக்கவைத்து, விளக்கை எதிரே வைத்து உருட்டுவார்கள். கண் கோலுக்கும் மேசைக்கும் இடையே தெரியும் வெளிச்சக் கீற்றின் மேல். கீற்று துடிக்காமல் உருண்டு வந்தால் பூண் ஏறும், அதன்மேல் தோல்முனை ஒட்டும்.