உஷார்! பாங்காக் போக விசா வேண்டாம்தான்... ஆனால்?

"விசாவே வேண்டாமாம், பாஸ்போர்ட் இருந்தா போதுமாம், கிளம்பு மச்சான்!" வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு வரி வந்துவிட்டால் மறுநாளே பாங்காக்குக்கு டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். விஷயம் பொய்யில்லை. 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு கொடுத்த தாய்லாந்து, 2024 ஜூலையில் அதை 60 நாளாக்கியது. ஆனால் இது எப்போது வேண்டுமானாலும் மாறக்கூடிய சலுகை. 60 நாளைக் குறைக்கும் பேச்சு 2025 முதலே அங்கே அடிபடுகிறது. எப்போதோ போய்வந்த மைத்துனர் சொன்னதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். தாய்லாந்துத் தூதரகத்தின் தளத்தில் அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

விசா இல்லையென்றால் சோதனையும் இல்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சோதனை இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். முன்பு தூதரகத்தில் விசா எடுத்தவர்களை, தாளில் குறை இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள்; விசா கட்டணத்தோடு நஷ்டம் முடிந்துவிடும். இப்போது அதே கேள்விகள் பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தின் குடியேற்றக் கவுன்ட்டரில் வருகின்றன. டிக்கெட், ஹோட்டல் எல்லாவற்றுக்கும் பணம் கட்டி முடித்த பிறகு! திரும்பும் டிக்கெட், தங்குமிட முன்பதிவு, ஆளுக்கு 20,000 பாட் கையிருப்பு (நம் பணத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல்), குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட். எல்லாரிடமும் எல்லாவற்றையும் கேட்பதில்லை. கேட்டவரிடம் இல்லையென்றால் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இன்னொன்று, டிடிஏசி என்ற டிஜிட்டல் வருகை அட்டை. 2025 மே 1 முதல் கட்டாயம். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். பைசா செலவில்லை. ஆனால் கூகுளில் தேடினால் அரசுத் தளம் போலவே வேஷம் கட்டிய தளங்கள் வந்து நிற்கும். 'சர்வீஸ் சார்ஜ்' என்று டாலரில் கறந்துகொண்டு, உங்கள் பாஸ்போர்ட் விவரத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளும். தாய்லாந்து அரசுத் தளங்களின் முகவரி 'டாட் ஜிஓ டாட் டிஎச்' என்று முடியும். கார்டு நம்பர் கேட்கிறதா? உடனே மூடுங்கள்.

முத்திரை குத்தியதும் பாஸ்போர்ட்டைப் பைக்குள் போட்டுவிடாதீர்கள். அந்த முத்திரையில் 'அன்டில்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு தேதி இருக்கும். அதுதான் உங்கள் கெடு. வந்து இறங்கிய நாளையும் முதல் நாளாகவே எண்ணுவார்கள். கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 500 பாட் அபராதம், உச்சவரம்பு 20,000 பாட். பணத்தோடு போனால் பரவாயில்லை. கெடு தாண்டித் தங்கியிருக்கும்போது போலீஸ் கையில் சிக்கினால், ஒரு வருடத்துக்குள் என்றாலும், ஐந்து வருடத்துக்கு அந்த நாட்டுக்குள் நுழையத் தடை.

ஊரைச் சுற்றும்போது ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பீர்கள். கடைக்காரர் பாஸ்போர்ட்டை அடகாகக் கேட்பார், கொடுக்கவே கொடுக்காதீர்கள். நம்மூர் ஆர்.டி.ஓ. தரும் சர்வதேச ஓட்டுநர் உரிமம் இல்லாமல் விழுந்து எழுந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். வேப் எனும் மின்சிகரெட்டுக்கு அங்கே தடை, பெட்டியிலேயே வைக்காதீர்கள். மே முதல் அக்டோபர் வரை புக்கெட் கடற்கரையில் சிவப்புக்கொடி பறந்தால் முழங்கால் தண்ணீரில்கூட இறங்க வேண்டாம். ஹோட்டல் அறையில் ரம்மி போடும் கோஷ்டிக்கும் ஒரு வார்த்தை: அனுமதியில்லாமல் 120 சீட்டுக்கு மேல் வைத்திருப்பதே அங்கே குற்றம். மூன்று கட்டு சேர்த்தாலே 156 ஆகிவிடும். 2016-ல் பட்டாயாவில் பிரிட்ஜ் ஆடிக்கொண்டிருந்த 32 வெளிநாட்டினரை, பெரும்பாலும் வயதானவர்களை, போலீஸ் அள்ளிக்கொண்டு போனது.

இவையெல்லாம் சில்லறைத் தொல்லைகள். வாழ்க்கையையே காவு வாங்குபவை இரண்டு.

முதலாவது, அடுத்தவருக்காகச் சுமக்கும் 'கைப்பொட்டலம்'. தாய்லாந்து 2022-ல் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று கயிற்றை மறுபடி இறுக்கியது. பாங்காக்கிலிருந்து வரும் விமானங்களில் உயர்ரக ஹைட்ரோபோனிக் கஞ்சா பிடிபடுவது சென்னை விமான நிலையத்தில் இப்போது வழக்கமான செய்தி. கொண்டுவருபவர்களில் பலர் கூலிக்குச் சுமக்கும் 'குருவிகள்'. "அக்கா, என் பெட்டியில எடை ஏறிப்போச்சு, இந்த சாக்லேட் பாக்கெட்டை மட்டும் வச்சுக்கிறீங்களா, வெளியில வந்து வாங்கிக்கிறேன்" என்று கேட்பவர் நம்மூர்த் தமிழே பேசுவார். ஐயோ பாவம் என்று வாங்கிவிடாதீர்கள். நம்முடைய போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 35-வது பிரிவுப்படி, உங்களுக்குத் தெரிந்தே இருந்தது என்றுதான் நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிப்பது உங்கள் பாடு. பொட்டலத்துக்குள் ஆமையும் பாம்புக்குட்டியும் வந்த கதைகளும் உண்டு.

இரண்டாவது, 'டேட்டா என்ட்ரி வேலை, மாதம் எண்பதாயிரம், தங்குமிடம் இலவசம், இப்போதைக்கு டூரிஸ்ட்டா வாங்க'. கொடுமை இங்கேதான். விசா விலக்கில் போய் அங்கே வேலைக்குச் சேர முடியாது. தாய்லாந்தில் வேலை செய்ய அதற்கென்று தனி விசாவும் பணி அனுமதியும் வேண்டும். அப்படி நம்பிப் போனவர்களை விமான நிலையத்திலிருந்து காரில் ஏற்றி, சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி மே சாட் என்ற எல்லை ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே மோய் ஆறு. அக்கரையில் மியான்மரின் மியாவாடி. ஆற்றைத் தாண்டினால் பாஸ்போர்ட் பிடுங்கப்படும்; முள்வேலிக்குள் உட்கார்ந்து நாள் முழுக்க ஆன்லைனில் ஊரை ஏமாற்ற வேண்டும். மறுத்தால் அடி, மின்சார அதிர்ச்சி. 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை இரண்டே நாளில் 549 பேரை மே சாட்டிலிருந்து மீட்டு வந்தது. அதில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

வேலை என்று யாராவது அழைத்தால், அந்த ஏஜென்டின் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 'டூரிஸ்ட்டா வாங்க' என்ற சொல் வந்தாலே போனை வையுங்கள். ஏற்கெனவே போய் இறங்கி, 'பாங்காக் ஆபீஸ்' என்று சொன்ன கார் இரண்டு மணி நேரமாக நெடுஞ்சாலையில் வடக்கே ஓடிக்கொண்டிருந்தால், கூகுள் மேப்பைத் திறந்து பாருங்கள். லொகேஷனை வீட்டுக்கு அனுப்புங்கள். பெட்ரோல் பங்கிலோ சாப்பாட்டுக் கடையிலோ ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் வண்டி நிற்கும்போதே இறங்கிவிடுங்கள், பெட்டி போனால் போகட்டும். சுற்றுலாப் போலீஸ் எண் 1155. ஆங்கிலத்தில் பேசலாம்.