ஜன்னலுக்கும் உண்டு பூச்சுக் கூலி

வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாசகர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். பூச்சு வேலைக்கு பில் வந்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு அறை அறையாக அவரே அளந்து பார்த்திருக்கிறார். கொத்தனார் போட்ட அளவு கூடுதலாக இருந்தது. எங்கே இடிக்கிறது என்று தேடியபோது, ஜன்னல் இருக்கும் இடத்தையும் சுவராகவே சேர்த்திருப்பது தெரிந்தது. “இல்லாத சுவருக்கு எப்படி ஐயா கூலி? இது ஏமாற்று இல்லையா?” என்று கேட்கிறார்.

ஏமாற்றாகவும் இருக்கலாம், முறையான கணக்காகவும் இருக்கலாம். அவருடைய பில்லை நான் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கணக்குக்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. கட்டுமானத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விதிகளில் ஒன்று அது.

கட்டட வேலைகளை எப்படி அளப்பது என்று சொல்ல நம் நாட்டில் ஐ.எஸ். 1200 என்ற விதித்தொகுப்பு இருக்கிறது. மண் வெட்டுவதற்கு ஒரு பகுதி, கான்கிரீட்டுக்கு ஒன்று, செங்கல் கட்டுக்கு ஒன்று, பூச்சுக்கு ஒன்று எனப் பல பகுதிகள். நீளத்தை அகலத்தால் பெருக்கத் தெரியாதவர் யாருமில்லை. எதைக் கழிக்க வேண்டும், எதைக் கழிக்கக் கூடாது என்பதில்தான் சண்டை வரும். அதைத் தீர்த்துவைக்கவே இத்தனை பகுதிகள்.

பூச்சுக்கு அது வகுத்திருக்கும் முறை இது. சுவரில் உள்ள திறப்பு அரை சதுர மீட்டருக்கு மேற்படாவிட்டால் எதையும் கழிக்க வேண்டாம். சுவர் முழுசாக இருப்பதாகவே கொள்ளலாம். அரை சதுர மீட்டருக்கு மேல் மூன்று சதுர மீட்டர் வரை என்றால், உள்ளும் புறமும் ஒரே வகைப் பூச்சாக இருக்கும் சுவரில் ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிக்க வேண்டும். இந்த இரண்டிலும் திறப்பின் ஓரங்களைப் பூசியதற்குத் தனிக் கூலி கிடையாது. மூன்று சதுர மீட்டரைத் தாண்டினால் இரண்டு பக்கமும் கழித்துவிட்டு, ஓரங்களை அளந்து சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் பார்வைக்கு விசித்திரமாகத் தெரியும். 4 அடிக்கு 4 அடி ஜன்னல் ஒன்றை எடுத்துப் போட்டுப் பாருங்கள். மீட்டரில் சுமார் 1.2க்கு 1.2. பரப்பு 1.44 சதுர மீட்டர், அதாவது இரண்டாம் வகை. ஒரு பக்கம் கழிந்தது, மறுபக்கத்தின் 1.44 கொத்தனாருக்கே போகிறது. இப்போது ஓரங்களைக் கணக்கிடுவோம். சுற்றளவு 4.8 மீட்டர். ஒன்பது அங்குலச் சுவரின் கனம் 23 சென்டிமீட்டர். பெருக்கினால் 1.1 சதுர மீட்டர்; ஜன்னல் நிலை அடைத்துக்கொள்ளும் இடம் போக இன்னும் கொஞ்சம் குறையும். ஆக, இல்லாத சுவர் என்று நம் வாசகர் நினைத்தது, கொத்தனார் உண்மையிலேயே பூசிய ஓரங்களின் கூலி. சற்றே கூடுதலாகத் தருகிறது விதி. தரத்தான் வேண்டும். அகலச் சுவரை வீசிப் பூசிவிடலாம், ஓரம் அப்படியல்ல. தூக்குக்குண்டு பிடித்து, மூலை சிதையாமல், நிலையோடு ஒட்டி கரண்டி முனையால் இழைக்க வேண்டும். எங்கள் தெருத் தையல்காரர் ரவிக்கைக் கழுத்துக்கு வெட்டியெடுத்த துணிக்காகக் கூலியைக் குறைத்ததில்லை. கழுத்தை மடித்துத் தைப்பதில்தான் அவருக்குப் பாதி நேரம் போகும்.

குளியலறை வென்டிலேட்டருக்கு வாருங்கள். 60 சென்டிமீட்டருக்கு 45 என்றால் பரப்பு 0.27. கழிக்காமல் விட்ட இரண்டு பக்கமும் சேர்ந்து 0.54. ஓரங்கள் 2.1 மீட்டர் சுற்றளவுக்கு 0.48. ஏறக்குறைய ஈடாகிவிட்டது! கடை ஷட்டருக்கு விட்ட 3 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரத் திறப்பிலோ கதை மாறுகிறது. பரப்பு 7.2, தரைப்பக்கம் போக மூன்று ஓரமும் சேர்த்து 1.8 சதுர மீட்டர்தான். அங்கும் ஒரு பக்கத்தை விட்டுக்கொடுத்தால் வீட்டுக்காரருக்கு நஷ்டம். அதனால்தான் மூன்றாம் வகை. திறப்பு பெருகப் பெருகப் பரப்பு வேகமாக ஏறும், சுற்றளவு அந்த வேகத்தில் ஏறாது என்ற பள்ளிக்கூடக் கணிதத்தை வைத்து, இருவரில் யாருக்கும் பெரிய இழப்பு வராத இடத்தில் கோடு கிழித்திருக்கிறார்கள். எல்லா ஓரங்களையும் அளந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். நூறு ஜன்னல் உள்ள பள்ளிக் கட்டடத்தில் அதற்கே ஓர் ஆள் வேண்டும். அந்தச் சம்பளமும் யாரோ ஒருவர் தலையில்தான் விழும்.

பெயின்ட் வேலையிலும் இதே நியாயம் இருக்கிறது. பேனல் கதவை அடிக்கும்போது ஒரு பக்கத்தின் பரப்பை 1.30ஆல் பெருக்குவார்கள், பள்ளமும் மேடும் பெயின்டைக் குடிக்கும் என்பதால். சாய்வுச் சட்டங்கள் வைத்த லூவர் கதவுக்கு 1.80. ஜன்னல் கிரில்லில் பெரும்பகுதி வெறும் காற்று. ஆனாலும் அதை முழுப் பலகைபோல ஒருமுறை அளந்து, எல்லாப் பக்கமும் அடித்த கூலி அதற்குள் அடக்கம் என்பார்கள். கம்பி கம்பியாகத் தூரிகையைச் சுற்றியவரின் உழைப்பை உணர்ந்த ஒருவர்தான் இதை எழுதியிருக்க முடியும்.

இங்கிலாந்தில் இப்படியொரு பொது அளவீட்டு முறை 1922இல் வந்தது. அளவையாளர்களும் கட்டட ஒப்பந்தக்காரர்களும் சேர்ந்து ஒப்புக்கொண்டது. அந்த மரபில் வந்த இலங்கையில் குவான்டிட்டி சர்வேயர் என்பது தனித் தொழில். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. நம் பக்கத்தில் பெரும்பாலும் சைட் இன்ஜினியரே இதையும் பார்த்துக்கொள்கிறார். பொதுப்பணித் துறையில் அளவுகளைப் பதிந்து வைக்கும் எம்.புக் (மெஷர்மென்ட் புக்) இருக்கிறது: பக்கங்களுக்கு எண் இடப்பட்டிருக்கும், அழித்து எழுதக் கூடாது, தவறினால் கோடு போட்டுக் கையொப்பமிட வேண்டும்.

தனியார் வீடுகளில் இந்த ஒழுங்கு எதுவுமே இல்லை என்பதுதான் என் ஆதங்கம். “சதுர அடிக்கு எவ்வளவு?” என்ற ஒற்றைக் கேள்வியில் பேச்சு முடிந்துவிடுகிறது. தோராயமாக எவ்வளவு ஆகும் என்று முதலில் பார்க்க அந்தக் கணக்கு உதவும். ஒப்பந்தம் போட உதவாது. சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர் எல்லாம் அதில் உண்டா இல்லையா என்ற வழக்கு கான்கிரீட் போட்ட பிறகுதான் தொடங்கும். ரேட்டை நெருக்கிப் பிடித்த வீட்டுக்காரர் ஜெயித்துவிட்டதாக நினைப்பார். அந்தக் குறைவு கடைசியில் சித்தாளின் கூலியிலோ கலவையில் விழும் சிமென்டிலோ போய்த்தான் நிற்கும். அளவில்லாத இடத்தில் நேர்மையான கொத்தனாரும் நேர்மையை நிரூபிக்க முடிவதில்லை. இது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

வாசகருக்கு என் பதில் இதுதான். பில்லில் ஓரங்களுக்கு ரன்னிங் அடிக் கணக்கில் தனியாகப் பணம் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். ஜன்னலையும் கழிக்காமல் ஓரத்துக்கும் தனியே வாங்கினால் ஒரே வேலைக்கு இரண்டு கூலி. அதைத் தாராளமாகக் கேட்கலாம். ஓரத்துக்குத் தனிக் கூலி இல்லையென்றால், ஒரு பக்கம் மட்டும் கழித்திருப்பது சரி. இரண்டு பக்கமும் கழித்தே தீர வேண்டும் என்றால் ஓரங்களை அளந்து கொடுங்கள். ஐ.எஸ். 1200 என்பது உங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழியத் தனியார் வீட்டைக் கட்டுப்படுத்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். அடுத்த வேலைக்கு ரேட் பேசும்போதே அளக்கும் முறையையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கம்பியைக் கான்கிரீட் மூடுமுன், அஸ்திவாரத்தை மண் மூடுமுன் இருவரும் சேர்ந்து நின்று அளந்து, அளவுகளை அன்றே அந்தத் தாளோடு சேர்த்து வையுங்கள்.