குட்டியின் படமும் தாயின் படபடப்பும்

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். காக்கைக்கு மட்டுமா? பார்க்கின்ற நமக்கும் எந்தக் குஞ்சும் பொன் குஞ்சுதான். புலிக்குட்டியாயினும், யானைக்கன்றாயினும், கரடிக்குட்டியாயினும் அதன் படத்தைக் கண்டதும் நம் முகம் மலர்ந்துவிடுகிறது. அகன்ற கண்களும் தடுமாறும் நடையும் கல்மனத்தையும் கரைக்கின்றன. பிள்ளைகள் வளரும் இல்லங்களில் இத்தகைய படங்களுக்குத் தனி வரவேற்பு உண்டு. முன்பு சுவர் நாட்காட்டியில் தொங்கிய அப்படங்கள், இன்று காலை ஸலாமோடு கைப்பேசியில் வந்து சேர்கின்றன.

வாசகர்களே! அவற்றைப் பார்த்து மகிழ்வதில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் நம்மை மகிழ்விக்கும் அந்த ஒரு கணத்திற்காக, படத்திலிருக்கும் குட்டி என்ன விலை கொடுத்தது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? படம் எடுக்கும் முறையிலும், எடுத்த பின் அதைத் திருத்தும் முறையிலும் நேர்மை தவறினால், நாம் அழகு என்று இரசிப்பது ஓர் உயிரின் அச்சமாக இருந்துவிடக் கூடும்.

பனிச்சரிவில் ஒரு குட்டி

2018-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் உலகெங்கும் ஒரு காணொளி பரவியது. ரஷ்யாவின் தூரக்கிழக்கிலுள்ள மகதான் பகுதியில், ட்ரோன் எனப்படும் ஆளில்லாச் சிறுவிமானத்தைக் கொண்டு எடுக்கப்பட்டது அது. செங்குத்தான பனிச்சரிவு ஒன்றைத் தாய்க்கரடியும் குட்டியும் கடக்கின்றன. தாய் உச்சியை அடைந்துவிடுகிறது. குட்டியோ ஏறுகிறது, சறுக்குகிறது, மீண்டும் ஏறுகிறது. உச்சியை எட்டும் தறுவாயில் தாய் தன் முன்னங்காலை வீச, குட்டி வெகுதூரம் சரிந்து போகிறது. இறுதியில் எப்படியோ மேலேறித் தாயுடன் சேர்ந்து ஓடுகிறது. இலட்சக்கணக்கானோர் அதைப் பார்த்தனர். விடாமுயற்சிக்கு இதனினும் சிறந்த பாடம் உண்டோ என்று போற்றிப் பிறருக்கும் அனுப்பினர்.

விலங்குகளின் நடத்தையை ஆராய்வோரோ, அதே காட்சியில் வேறொன்றைக் கண்டனர். சிறு குட்டியுடன் செல்லும் தாய் இத்தகைய ஆபத்தான சரிவைத் தானாகத் தேர்ந்தெடுப்பது அரிது. தலைக்கு மேல் இரைந்துகொண்டு வந்த கருவிக்கு அஞ்சியே அது அவ்வழியே சென்றிருக்க வேண்டும். அக்கருவி நெருங்கிய வேளையில்தான் தாய் காலை வீசியது என்று அவர்கள் சுட்டிக் காட்டினர்.

இதனை வெறும் ஊகமென்று தள்ளிவிட இயலாது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் கருங்கரடிகளின் உடலில், இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் சிறு கருவிகளைப் பொருத்தி நடத்திய ஆய்வு ஒன்று 2015-இல் வெளிவந்தது. ட்ரோன் மேலே பறந்தபோது கரடிகள் பெரும்பாலும் இடம் பெயரவில்லை. ஆனால் எல்லாக் கரடிகளுக்கும் இதயத் துடிப்பு உயர்ந்தது. உச்ச அளவாக, முன்பிருந்ததைவிட நிமிடத்திற்கு 123 துடிப்புகள் கூடின. வெளியே அமைதி, உள்ளே பிரளயம்! ‘அது பேசாமல்தானே இருந்தது, அதற்கென்ன தொல்லை?’ என்று படமெடுப்போர் கூறும் சமாதானம் இங்கே பொய்த்துப் போகிறது.

தாய் எங்கே?

குட்டியின் படம் எதைக் கண்டாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அதன் தாய் எங்கே என்பதே. கோடியக்கரைச் சரணாலயத்தின் புல்வெளியில் வெளிமான் கூட்டங்கள் உண்டு. ஈன்ற சில நாட்கள் வரை தாய்மான் தன் குட்டியைப் புற்களின் நடுவே படுக்க வைத்துவிட்டுச் சற்றுத் தொலைவில் மேயும். பாலூட்டும் வேளையில் மட்டும் அருகே வரும். ஆள் நெருங்கினாலும் குட்டி எழுந்து ஓடாது. அசையாமல் கிடப்பதே இறைவன் அதற்கு அருளிய கேடயம். விவரமறியாதவர் அதனை, தாயால் கைவிடப்பட்ட குட்டி என்றோ, படத்திற்குப் பணிந்து கிடக்கும் குட்டி என்றோ எண்ணிவிடுகிறார். அவர் அங்கே நிற்கும் நேரமெல்லாம் தாய் திரும்பி வர இயலாது. குட்டிக்குப் பாலும் இல்லை.

இரக்கமே கேடாய் முடிந்ததும் உண்டு. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 2016-ஆம் ஆண்டு மே மாதம், பிறந்து சில நாட்களே ஆன காட்டெருமைக் கன்றைக் குளிரில் வாடுவதாக எண்ணிச் சுற்றுலாப் பயணிகள் தங்கள் வாகனத்தில் ஏற்றிச் சென்றனர். அதன்பின் அக்கன்றைக் கூட்டத்தில் சேர்க்கப் பூங்கா அலுவலர்கள் செய்த முயற்சிகள் பலிக்கவில்லை. அது மனிதர்களையும் வாகனங்களையுமே நாடிச் சென்றதால், இறுதியில் உயிர் போக்கப்பட்டது.

பறவைக் கூடுகளின் நிலையும் இதுவே. படத்திற்கு மறைப்பாக இருக்கிறதென்று இலைகளை ஒதுக்கினால், கூட்டின் கூரையே போய்விடுகிறது. வெயிலும் காக்கையும் குஞ்சுகளைக் கண்டுகொள்கின்றன. நம் நாட்டின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப்பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதையும் ‘வேட்டை’ என்னும் சொல்லுக்குள்ளேயே அடக்கியிருக்கிறது. துப்பாக்கி ஏந்தியவர் மட்டுமே வேட்டைக்காரர் என்று நினைப்போர் இதனைக் கவனிக்க வேண்டும்.

சென்னைக் கடற்கரையில் முட்டையிடும் பங்குனி ஆமைகளின் குஞ்சுகள், இரவில் வெளிச்சம் மிகுந்த திசையையே கடல் என்று கருதி ஊர்ந்து செல்பவை. அவற்றின் மீது பாய்ச்சப்படும் பிளாஷ் வெளிச்சமும் கைப்பேசி விளக்கும் அவற்றைத் திசை மாற்றிவிடும்.

பொறுமையே முதற்கருவி

அப்படியானால் இளம் விலங்குகளைப் படம் எடுக்கவே கூடாதா? எடுக்கலாம், எடுத்தவர்களும் உண்டு. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்த ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் சகோதரர்கள் 1890-களிலேயே பறவைக் கூடுகளைப் படமெடுக்கத் தொடங்கினர். பறவைகள் மிரளாதிருக்க, எருதின் தோலைக் கூடாக அமைத்து அதனுள்ளே ஒளிந்திருந்து படமெடுத்தார்கள். எருது மேய்கிறதென்று பறவை எண்ணிக்கொள்ளும். உள்ளிருக்கும் மனிதருக்கோ முதுகு ஒடியும்! அதே நாட்டின் எரிக் ஹோஸ்கிங், 1937-இல் ஆந்தைக் கூடு ஒன்றைப் படமெடுக்கச் சென்றபோது, குஞ்சுகளைக் காக்கப் பாய்ந்த ஆந்தையின் நகம் பட்டு ஒரு கண்ணையே இழந்தார். தாய்மையின் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

நம் தமிழகத்தின் மா. கிருஷ்ணனை (1912–1996) இங்கே நினைவுகூர வேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரான இவர், பல கருவிகளின் பாகங்களைத் தாமே இணைத்து அமைத்துக்கொண்ட காமிராவுடன் காடுகளில் நடந்தும், பழக்கப்பட்ட யானையின் மீதமர்ந்தும் கருப்பு வெள்ளையில் படமெடுத்தார். பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

இன்று தொலைவிலிருந்தே படமெடுக்க 400, 600 மில்லிமீட்டர் லென்சுகள் கிடைக்கின்றன. எருதின் தோலுக்கு இப்போது தேவையில்லை. ஆயினும் நெறி மாறவில்லை. குட்டியின் கண்மட்டத்திற்குத் தாழ்ந்து அமர வேண்டும். காலை மாலை இளவெயிலே போதும், பிளாஷ் வேண்டாம். தாய்க்கும் குட்டிக்கும் இடையே ஒருபோதும் புகக் கூடாது. தாய் மேய்வதை நிறுத்திக் காதை நிமிர்த்திப் பார்த்தால், நாம் எல்லை கடந்துவிட்டோம் என்று பொருள். எல்லோஸ்டோனில் கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கஜம், பிற விலங்குகளுக்கு 25 கஜம் என்று விலகி நிற்க வேண்டிய தூரத்தை விதியாகவே வைத்திருக்கிறார்கள்.

கூலிக்குப் புலிக்குட்டி

காட்டில் காத்திருக்கப் பொறுமையற்றவர்களுக்காகவே ஒரு வணிகம் தோன்றியது. தாய்லாந்தின் காஞ்சனபுரி மாகாணத்தில், ‘புலிக்கோயில்’ எனப் பெயர் பெற்ற ஓரிடத்தில், சுற்றுலாப் பயணிகள் பணம் கொடுத்துப் புலிக்குட்டிகளுக்குப் புட்டிப்பால் புகட்டியும், மடியில் கிடத்தியும் படமெடுத்துக்கொண்டார்கள். 2016-இல் அரசு அதிகாரிகள் அங்கே நுழைந்தபோது, குளிர்பதனப் பெட்டியில் 40 புலிக்குட்டிகளின் உடல்கள் கிடந்தன. மீட்கப்பட்ட 147 புலிகளில் 86 புலிகள் 2019-க்குள் மடிந்துவிட்டன என்னும் செய்தியும் பின்னர் வந்தது. அந்தப் படங்களில் சிரித்த முகங்கள் எதற்கும் இது தெரிந்திருக்காது. ஆனால் அவர்கள் கொடுத்த கட்டணமே அந்த வணிகத்தை வாழ வைத்தது. குட்டிகளைப் பொதுமக்கள் தொட்டுப் படமெடுப்பதற்கு இடமளிக்கும் வழக்கத்தை, அமெரிக்கா 2022 டிசம்பரில் சட்டமியற்றித் தடை செய்தது.

திருத்தமும் திரிபும்

படத்தைத் திருத்துவது கணினி வந்த பின் தோன்றிய கலையன்று. இருட்டறைக் காலத்திலும், தாளின் மீது விழும் ஒளியைக் கையால் மறைத்து ஓரிடத்தை வெளுக்கச் செய்வார்கள். கூடுதலாக ஒளி காட்டி வேறோரிடத்தைக் கருக்கச் செய்வார்கள். இன்று காமிராவின் மூலப்பதிவிலிருந்து கணினியில் அதே வேலையைச் செய்கிறார்கள். ஒளியைக் கூட்டுவது, நிழலை வெளிக்கொணர்வது, சென்சாரில் படிந்த தூசியின் புள்ளியை நீக்குவது, ஓரங்களை அளவாக வெட்டுவது ஆகியவை திருத்தம். இல்லாத விலங்கைக் கொண்டுவந்து ஒட்டுவதும், இருந்த ஒன்றை அழிப்பதும் திரிபு. இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் வனவிலங்குப் புகைப்படப் போட்டியின் விதிகளும் இந்த வேறுபாட்டையே வலியுறுத்துகின்றன. இறுதிச் சுற்றுக்கு வருவோரிடம் மூலப்பதிவைக் கேட்டு வாங்கி ஒப்பிடுகிறார்கள்.

ஒட்டுவேலையை இயற்கையே காட்டிக்கொடுத்த கதையும் உண்டு. சுவீடன் நாட்டில் அரசு நிறுவனத்தின் விருது பெற்ற புகைப்படக் கலைஞர் ஒருவரின் படங்கள் 2011-இல் ஐயத்திற்கு உள்ளாயின. கோடையில் எடுத்ததாகச் சொல்லப்பட்ட படத்தில், லின்க்ஸ் என்னும் காட்டுப்பூனை குளிர்காலத்து அடர்ந்த ரோமத்துடன் நின்றது! வேறு படங்களிலிருந்து விலங்குகளை எடுத்து ஒட்டியதை அவர் பின்னர் ஒப்புக்கொண்டார்.

ஒட்டாமலும் ஏமாற்றலாம் என்பதை மறந்துவிடக் கூடாது. ஓரத்தை வெட்டும்போது கூண்டின் கம்பியும், குட்டியின் கழுத்துச் சங்கிலியும், பிடித்திருந்த கையும் சேர்ந்தே மறைந்துவிடலாம். படத்திலுள்ள ஒவ்வொரு புள்ளியும் உண்மை, படமோ பொய்! ஆகவே அடைப்பில் எடுத்த படத்தின் கீழ் ‘அடைப்பில் எடுத்தது’ என்று எழுதுவதும் திருத்தக் கலையின் நேர்மையைச் சேர்ந்ததே.

இப்போது கணினி தானே கற்பனையாய் உருவாக்கும் படங்களும் வந்துவிட்டன. பஞ்சுபோன்ற வெண்ணிற உடலும் நீலத்தோகையும் கொண்ட ‘மயில் குஞ்சு’ படம் பலரது கைப்பேசிக்கும் வந்திருக்கும். எங்கள் மதரஸாவில் ஒரு மாணவர் அதை வியப்புடன் காட்டியபோது, வயலோரத்துச் சிற்றூரிலிருந்து வந்த மற்றொரு மாணவர் சிரித்துவிட்டார். “ஹஜ்ரத், இது மயில் குஞ்சே இல்லை. எங்கள் ஊரில் வந்து பாருங்கள், கோழிக்குஞ்சு மாதிரி மண் நிறத்தில் இருக்கும்” என்றார். அவர் சொன்னதே உண்மை. ஆண்மயிலுக்கு முழுத்தோகை வளர மூன்று ஆண்டுகள் போலாகும். தாயின் பின்னே செல்லும் குஞ்சுக்கு மண்ணின் நிறமே பாதுகாப்பு. பளபளப்பு அதற்கு எமனாகிவிடும். பொய்ப்படம் நமக்கு மறைப்பது அந்த அருமையான உண்மையைத்தான்.

நம் இல்லங்களில்

ஒரு பயணத்தில், சிறு பறவை ஒன்றின் இரு குஞ்சுகளைத் தோழர்கள் எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதன் குஞ்சுகளைக் கொண்டு அதை வருத்தியவர் யார் என வினவி, குஞ்சுகளைத் திருப்பித் தரச் செய்தார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. குஞ்சுகளுக்குக் காயம் ஏதும் நேர்ந்ததாக அச்செய்தியில் இல்லை. தாயின் தவிப்பே போதிய குற்றமாகக் கொள்ளப்பட்டது.

எனவே குட்டியின் படம் ஒன்று உங்களை வந்தடைந்தால், பிறருக்கு அனுப்புமுன் பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொண்டு பாருங்கள். தாய் அருகில் உள்ளதா? குட்டி தாயைப் பார்க்கிறதா, காமிராவைக் கண்டு மிரள்கிறதா? எங்கே, எப்படி எடுத்தது என்ற விவரம் உண்டா? இவற்றிற்கு விடை கிடைக்காத படத்தை நம்மோடு நிறுத்திவிடுவதில் நமக்கு இழப்பு ஏதுமில்லை.

வீட்டுக் கொல்லையில் புல்புல் கூடு கட்டியிருந்தால், பிள்ளைகள் கைப்பேசியுடன் ஓடத்தான் செய்வார்கள். தடுத்து விரட்ட வேண்டாம். சன்னலுக்கு உள்ளேயே அமர வைத்து, அங்கிருந்து எடுக்கப் பழக்குங்கள். தாய்ப்பறவை வழக்கம்போல் இரை கொண்டுவந்து ஊட்டிக்கொண்டிருந்தால், பிள்ளை எடுக்கட்டும். வாயில் புழுவுடன் எதிர்க்கிளையிலேயே தயங்கி அமர்ந்திருந்தால், சன்னலைச் சாத்திவிட்டு வரச் சொல்லுங்கள். குஞ்சுகள் பசியோடிருக்கின்றன.